எவருடைய வருமானத்தை எவர் அளப்பது?

"வறியவர்க்கே உதவி, வசதியுள்ளவர்க்கு ஏன் உதவி?" என்னும் வாசகம் கேட்பதற்கு எத்துணை நீதியாக ஒலிக்கின்றது! கொழும்பிலே மந்திரிமார் மாறினர், கட்சிகள் மாறின, அரசியலமைப்பே இருமுறை மாறியது. ஆயினும் எழுபது ஆண்டுகளாகத் திறைசேரியின் வாயிலிருந்து மாறாது வரும் வாசகம் இதுவே. இதனை மறுத்துப் பேசுவோன் பணக்காரனுக்குப் பரிந்து பேசுகின்றான் என்ற பழியை ஏற்க வேண்டியவனாகின்றான். அப்பழிக்கு நாம் அஞ்சவில்லை. வறியவர்க்கு உதவி வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. வறியவர் யார் என்பதை எவ்வேட்டைப் பார்த்துத் தீர்மானித்தீர்கள் என்றே கேட்கின்றோம்.

இக்கேள்வி சிறியதன்று. இந்நாட்டிலே மனிதருடைய வருமானம் இரண்டு வகையானது. ஒன்று எழுதப்பட்ட வருமானம். மற்றது எழுதப்படாத வருமானம். கடை வைத்திருப்பவனுடைய இலாபம் அவனுக்கு மட்டுமே தெரியும். தென்னந்தோப்பு வைத்திருப்பவன் எத்தனை ஆயிரம் தேங்காய் பறித்தான் என்பதை எந்த அரசாங்கக் கந்தோரிலும் பதிவதில்லை. ஆனால் மலைநாட்டிலே தேயிலைக் கொழுந்து கொய்யும் ஒருத்தி காலையில் பெரட்டுக்களத்தில் நின்ற நேரம் முதல் மாலையில் தராசுத்தட்டில் அவளது கூடை ஏறிய நேரம் வரை எல்லாம் ஏட்டில் உண்டு. எத்தனை கிலோ கொய்தாள், கூடைக்கென எவ்வளவு கழிக்கப்பட்டது, முழுப் பேரா அரைப் பேரா, எத்தனை ரூபா முற்பணம், சேமலாப நிதிக்கு எவ்வளவு, சங்கச் சந்தாவுக்கு எவ்வளவு என்று ஒரு சதமும் விடாமல் செக்றோலில் எழுதப்பட்டிருக்கும். கோடீசுவரனுடைய வருமானத்தை அறிய வரித்திணைக்களம் வருடக்கணக்கில் வழக்காடும். கொழுந்து கொய்பவளுடைய வருமானத்தை அறியக் கணக்கப்பிள்ளையின் மேசையைத் திறந்தாற் போதும்.

இந்த வேறுபாட்டிலிருந்து பிறந்த அநீதியையே இங்கு எடுத்துரைக்க விரும்புகின்றோம்.

முதலிற் பழைய கதையைச் சிறிது நினைவூட்டுதல் நன்று. 1942 ஆம் ஆண்டில் யுத்தகால நெருக்கடியிலே தொடங்கிய அரிசிப் பங்கீடு ஏழை பணக்காரன் என்று பாராமல் எல்லோருக்கும் பொதுவாயிருந்தது. 1953 ஆம் ஆண்டு யூலை மாதம் நிதிமந்திரியாயிருந்த ஜே. ஆர். ஜயவர்த்தனா சமர்ப்பித்த வரவு செலவுத் திட்டம் ஒரு கொத்துக் கூப்பன் அரிசியின் விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக ஒரே நாளில் உயர்த்தியது. அவ்வாண்டு ஓகஸ்ட் 12 ஆம் திகதி நாடெங்கும் ஹர்த்தால் வெடித்தது. மந்திரிசபை கொழும்புத் துறைமுகத்தில் நின்ற பிரித்தானிய யுத்தக் கப்பலொன்றிற் கூடிற்று என்பதும், துப்பாக்கிச் சூட்டிற் பலர் மடிந்தனர் என்பதும், டட்லி சேனநாயக்கா சில வாரங்களிற் பதவி துறந்தார் என்பதும் சரித்திரம். அதன் பின்னர் கால் நூற்றாண்டு காலம் பொதுப் பங்கீட்டை முற்றாக ஒழிக்க எவரும் துணியவில்லை. அளவைக் குறைத்தார்கள், விலையை மாற்றினார்கள். 1966 இல் இரண்டு கொத்து ஒரு கொத்தாயிற்று, அது இலவசமாயிற்று. 1970 இல் இரண்டாவது கொத்தைத் திருப்பித் தருவோம் என்ற வாக்குறுதியோடு ஓர் அரசாங்கம் வந்தது. 1973 இலும் 1974 இலும் உணவுத் தட்டுப்பாடு நேர்ந்தபோது அதே அரசாங்கம் பங்கீட்டை வெட்டியது. அந்த வெட்டு எங்கே முதலில் விழுந்தது என்பதற்கு மரணப் பதிவேடே சாட்சி. தோட்டப்பகுதிகளில் மரண விகிதம் 1974 இல் திடீரென உயர்ந்தது. வயலில்லாதவன், வீட்டுத் தோட்டமில்லாதவன், வாக்குரிமையுமில்லாதவன் முதலிற் செத்தான்.

1978 ஆம் ஆண்டின் ஆரம்பத்திலே பொதுப் பங்கீடு முடிவுக்கு வந்தது. மாத வருமானம் 300 ரூபாவுக்கு உட்பட்ட குடும்பங்களுக்கே கூப்பன் என்று விதித்தனர். மறு ஆண்டு செப்டெம்பரில் அரிசியும் போய், உணவு முத்திரை வந்தது. எட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு மாதம் 25 ரூபா, எட்டு முதல் பன்னிரண்டு வரை 20 ரூபா, அதற்கு மேற்பட்டவர்க்கு 15 ரூபா. மண்ணெண்ணெய்க்கென 9 ரூபா 50 சதம் தனியாக. ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு வருமான எல்லை 300 ரூபா. அதற்கு மேல் ஒவ்வொரு ஆளுக்கும் சிறிது கூட்டிக் கொடுத்தனர். வருமானம் எவ்வளவு என்று எவரைக் கேட்டார்கள்? குடும்பத் தலைவரையே கேட்டார்கள். அவர் எழுதிக் கொடுத்ததே கணக்கு.

இங்கேதான் செக்றோல் வந்து குறுக்கே நின்றது. கிராமத்திலே ஒருவர் தம் வருமானம் 290 ரூபா என்று எழுதினால் அதை மறுப்பதற்கு விதானையாரிடம் என்ன ஆதாரம் உண்டு? தோட்டத்திலே ஒருவர் அவ்வாறு எழுத முடியுமா? கணவன் பேர், மனைவி பேர், பள்ளியை விட்ட மூத்த பிள்ளையின் பேர் என மூன்று பேரும் ஏட்டிலே கிடக்கின்றன. மூன்றையும் கூட்டினால் எல்லை தாண்டிவிடுகின்றது. ஆகவே லயக் காம்பராவில் எட்டுப் பேரோடு படுத்திருப்பவன் வசதியுள்ளவன் ஆனான். நாட்டின் சனத்தொகையில் ஏறக்குறையப் பாதிப்பேர் முத்திரை பெற்றனர். அவ்வாறு பாதி நாடே வறியதென்று ஏற்கப்பட்ட காலத்திலே, தோட்டத் தொழிலாளருள் முத்திரை பெற்றோர் மிகச் சிலராகவே இருந்தனர்.

இதை ஒரு தமிழ்ப் பத்திரிகை கோபத்திற் சொல்லும் குற்றச்சாட்டென்று எவரும் தள்ளிவிட வேண்டாம். முத்திரைத் திட்டத்தை விரிவாக ஆராய்ந்த நெவில் எதிரிசிங்க 1987 ஆம் ஆண்டு சர்வதேச உணவுக் கொள்கை ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கையாக அதனை வெளியிட்டார். அவர் வீடு வீடாக எடுத்த கணக்குகளைக் கொண்டு பேசியவர், மேடையிற் பேசியவரல்லர். 1978-79 இலிருந்து 1981-82 வரையான மூன்றே ஆண்டுகளில் நாட்டின் அடிமட்ட ஐந்திலொரு பங்கினர் உட்கொண்ட உணவின் சக்தி, அதாவது கலோரி, ஏறக்குறைய 8 சதவீதம் குறைந்ததென்று அவர் கண்டார். வறியவர்க்கே உதவி என்று சொல்லி நடத்திய திட்டத்தில் வறியவருடைய வயிறே முதலிற் சுருங்கியது! காரணம் மறைவானதன்று. முத்திரையிலே அச்சிட்ட தொகை அப்படியே இருந்தது; கடையிலே அரிசியின் விலை ஏறிக்கொண்டே போயிற்று. கொத்துக் கணக்கிற் கொடுத்தபோது விலை ஏறினால் நட்டம் அரசாங்கத்துக்கு. ரூபாக் கணக்கிற் கொடுத்தபோது விலை ஏறினால் நட்டம் ஏழைக்கு. இந்த மாற்றத்தைச் செய்த கணக்கர்களுக்கு இது தெரியாமல் இருந்ததென்று நம்புவதற்கு நாம் அத்துணைப் பேதைகளல்லோம். 1980 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தோடு புதிய பதிவும் நிறுத்தப்பட்டது. அதற்குப் பின் பிறந்த பிள்ளைக்குப் பசியெடுக்காது என்று போலும் நினைத்தார்கள்.

அக்காலத்தில் நாடு முழுவதற்குமான வருமானப் பங்கீடு எப்படி நகர்ந்தது என்பதையும் பார்க்கலாம். மத்திய வங்கி 1953 முதல் பத்தாண்டுக்கொரு முறையும், பின்னர் அடிக்கடியும் நுகர்வோர் நிதி ஆய்வை நடத்தி வந்தது. ஏற்றத்தாழ்வை அளக்கும் கினிக் குணகம் என்றொன்று உண்டு. எல்லோருக்கும் சமமாயின் அது பூச்சியம்; எல்லாம் ஒருவன் கையிலாயின் ஒன்று. அந்த ஆய்வுகளின்படி செலவு செய்யும் குடும்பங்களிடையே 1953 இல் 0.46 ஆக இருந்த குணகம் 1973 இல் 0.35 ஆகத் தாழ்ந்து, 1978-79 இல் 0.43 ஆகவும் 1981-82 இல் 0.45 ஆகவும் மீண்டும் ஏறியது. 1973 ஆம் ஆண்டுக் கணக்கைச் சில நிபுணர்கள் ஐயுறுகின்றனர். பணக்காரர்கள் அவ்வாண்டில் தங்கள் வருமானத்தை மறைத்திருப்பர், ஆதலாற் குணகம் பொய்யாகத் தாழ்ந்து தோன்றுகின்றது என்பது அவர்கள் வாதம். நல்லது, ஏற்றுக்கொள்வோம். ஆனால் அந்த வாதமே நம் பக்கத்துச் சாட்சியாகின்றது என்பதை அவர்கள் கவனித்தார்களா? மேல்தட்டினர் கணக்கெடுப்பவனிடம் வருமானத்தை மறைக்கலாம், அது மன்னிக்கத்தக்க புள்ளிவிபரக் குறை. மறைக்க வழியற்ற தோட்டத் தொழிலாளியோ வசதியுள்ளவன். இதுவன்றோ நீங்கள் கண்ட விஞ்ஞானம்!

"குடும்ப வருமானம்" என்ற சொல்லையும் சற்று உரசிப் பார்க்க வேண்டும். பொருளாதார ஆராய்ச்சியிலே இது மிகப் பயனுள்ள சொல்லென்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் ஒருவன் உழைத்து மூவர் உண்ணும் வீட்டின் 300 ரூபாவும், மூவர் உழைத்து எண்மர் உண்ணும் வீட்டின் 300 ரூபாவும் ஒன்றாகுமா? தோட்டத்திலே பெண் உழைக்காத வீடு அரிது. நாட்டின் மற்றப் பகுதிகளிற் பெண்களிற் பெரும்பாலோர் கூலிக்குப் போவதில்லை. தோட்டத்துப் பெண்ணோ விடியுமுன் எழுந்து, அடுப்பு மூட்டி, ரொட்டி தட்டி, பிள்ளையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டு, மலையேறுகின்றாள். 1984 வரையில் ஆணுக்குச் சமமான நாட்சம்பளங்கூட அவளுக்கு இல்லை. அந்த வீட்டின் வருமானம் சற்றுக் கூடித் தோன்றினால் அது செல்வத்தின் அடையாளமன்று, ஓய்வின்மையின் அடையாளம். வருமானத்தை எழுதுபவன் உழைத்த மணித்தியாலங்களையும் அருகில் எழுதட்டும். அப்பொழுது யார் வசதியுள்ளவர் என்று பேசலாம்.

உணவிலும் இதே மயக்கம் உண்டு. தோட்டக் குடும்பங்கள் உட்கொள்ளும் கலோரி மற்றவரைவிடக் குறைவில்லை என்று காட்டி, அங்கே பசியில்லை என்று வாதித்தவர்கள் இருந்தனர். மலைச்சரிவில் நாள் முழுதும் கூடை சுமப்பவளுக்கும் நாற்காலியில் அமர்ந்திருப்பவருக்கும் ஒரே அளவு உணவு போதுமென்று எந்த வைத்தியர் சொன்னார்? அவர்களது பிள்ளைகளின் உயரத்தைப் பாருங்கள். 2016 ஆம் ஆண்டுச் சுகாதார ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுள் வயதுக்கேற்ற உயரமில்லாதோர் நாடு முழுவதற்கும் 17 சதவீதம். தோட்டத்துறையில் ஏறக்குறைய 32 சதவீதம். செக்றோலைக் கொண்டு வறுமையில்லை என்று சொல்லிவிடலாம். சுவரில் நிறுத்தி அளந்த பிள்ளையின் உயரத்தை அவ்வாறு சொல்லி மறைக்க முடியாது.

இனி, சோம்பேறித்தனம் என்ற பழைய ஒப்பாரிக்கு வருவோம். இலவச அரிசி மனிதரைச் சோம்பேறியாக்கியது என்பது 1953 இலும் சொல்லப்பட்டது, 1977 இலும் சொல்லப்பட்டது, 2023 இலும் சொல்லப்பட்டது. எதிரியின் கையிலிருக்கும் நல்ல ஆயுதத்தை மறைப்பது நமது வழக்கமன்று. டேவிட் சான், ஹரோல்ட் அல்டர்மன் என்னும் இரு ஆய்வாளர்கள் 1996 இல் வெளியிட்ட கட்டுரையில், இலங்கையின் உணவு மானியத்தைப் பெற்ற குடும்பங்களில் ஆணும் பெண்ணும் உழைத்த நாட்கள் ஓரளவு குறைந்தன என்று கண்டனர். கண்டார்கள் என்றால் கண்டார்கள். ஆனால் அந்தக் குறைந்த நாட்கள் என்ன நாட்கள்? காய்ச்சலோடு வேலைக்குப் போகாமல் வீட்டிலிருந்த நாளா? பால்குடிப் பிள்ளையோடு தாய் இருந்த நாளா? கடன்காரனுக்காகக் கூலியை மேலும் தாழ்த்தி உழைக்க மறுத்த நாளா? உழைப்பு நாள் ஒவ்வொன்றும் குறைவது நாட்டுக்கு நட்டம் என்போர், வட்டியிலும் வாடகையிலும் வாழ்பவன் ஆண்டு முழுதும் உழைக்காதிருப்பதை ஏன் கணக்கிடவில்லை? பின்னர் 2017 இல் அபிஜித் பானர்ஜி முதலியோர் ஹொண்டுராஸ், இந்தோனேசியா, மொறொக்கோ, மெக்சிக்கோ, நிக்கராகுவா, பிலிப்பைன்ஸ் ஆகிய ஆறு நாடுகளில் நடந்த ஏழு பரீட்சைகளை ஒருங்கே ஆராய்ந்தனர். பண உதவி மக்களை உழைப்பிலிருந்து விலக்கியது என்பதற்கு முறையான சான்று எதுவும் இல்லை என்பதே அவர்கள் முடிவு. ஆறு நாடுகளில் இல்லாத சோம்பேறித்தனம் இந்தத் தீவிலே மட்டும் எப்படி முளைத்தது என்பதைத் திறைசேரி விளக்கட்டும்.

மலைநாட்டின் கதை எழுதப்பட்டதால் விளைந்த கேடாயின், வடக்குக் கிழக்கின் கதை எழுதப்படாததால் விளைந்த கேடு. தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களம் நடத்தும் குடும்ப வருமான செலவு ஆய்வு 1990-91 இலும் 1995-96 இலும் 2002 இலும் வடக்கு, கிழக்கு மாகாணங்களை விட்டுவிட்டே நடந்தது. 2006-07 இல் வடமாகாணமும் திருகோணமலையும் விடப்பட்டன. 2009-10 இல் மன்னாரும் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் விடப்பட்டன. யுத்தம் நடந்தது, ஆய்வாளர் செல்ல முடியவில்லை என்பார்கள், அது உண்மையே. ஆனால் அந்த இருபது ஆண்டுகளிலும் "இலங்கையின் வறுமை குறைகின்றது" என்று உலகெங்கும் முழங்கியபோது, எந்த இலங்கை என்று ஒரு வரி சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டாமா? 2002 ஆம் ஆண்டில் நாட்டின் வறுமை 22.7 சதவீதம் என்று நிச்சயித்த கோடு, அந்த நாட்டின் மிக நொந்த இரு மாகாணங்களைக் காணாமலே வரையப்பட்டது. முல்லைத்தீவிலே வலையையும் வள்ளத்தையும் இழந்தவனும், வன்னியிலே காணி இழந்து மர நிழலில் இருந்தவளும் அந்தச் சதவீதத்திலே இல்லை. மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை, ஏட்டிலேயே இல்லை.

ஏடு ஒருவாறு அங்கு சென்றபோது கண்டதென்ன? 2019 ஆம் ஆண்டு ஆய்விலே முல்லைத்தீவு மாவட்டத்தின் வறுமை 44.5 சதவீதம், கொழும்பு மாவட்டத்தின் வறுமை 2.3 சதவீதம். ஒரே தீவு, ஒரே ஆண்டு, ஒரே கோடு.

அந்தக் கோட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2016 இல் நாட்டு வறுமை 4.1 சதவீதம், தோட்டத்துறையில் 8.8 சதவீதம் என்று பெருமையோடு அறிவித்தார்கள். பழைய கோடு காலத்துக்கொவ்வாது போயிற்றென்று பின்னர் அதனைத் திருத்தி வரைந்தபோது, 2019 இல் நாட்டு வறுமை 14.3 சதவீதம், தோட்டத்துறையில் 33.8 சதவீதம் ஆயிற்று. மூன்றாண்டில் மக்கள் இப்படி வீழ்ந்துவிடவில்லை. கோடு நகர்ந்தது, மக்கள் இருந்த இடத்திலேயே இருந்தனர். அவ்வாறாயின் 8.8 என்று சொல்லி எத்தனை தோட்டக் குடும்பங்களுக்கு எத்தனை ஆண்டுகளாக உதவி மறுக்கப்பட்டது? கோட்டைத் திருத்திய அறிஞரை நாம் குறை சொல்லவில்லை, திருத்தியது நேர்மை. பழைய கோட்டை வைத்துக்கொண்டு பட்டியலிலிருந்து பெயர் வெட்டியவர்களே விடை சொல்லக் கடமைப்பட்டவர்கள்.

இடையிலே 1989 இல் ஜனசவிய வந்தது. 1994-95 இல் சமுர்த்தி வந்தது. பெயர் மாறியது, புத்தகத்தின் நிறம் மாறியது. சமுர்த்தியை ஆராய்ந்த உலக வங்கி ஆய்வொன்று 2000 ஆம் ஆண்டளவில், நாட்டின் அடிமட்ட ஐந்திலொரு பங்கினருள் ஏறக்குறைய 40 சதவீதத்தினர் உதவி பெறாது விடப்பட்டனர் என்றும், செலவான பணத்திற் பெரும் பகுதி மேலே உள்ளவர்களிடம் சென்றதென்றும் கண்டது. இதற்கு நீண்ட விளக்கம் வேண்டியதில்லை. யார் வீட்டுச் சுவரில் எந்தக் கட்சியின் சுவரொட்டி என்பது கிராமத்திலே எல்லோருக்கும் தெரிந்த வருமானச் சோதனையாயிற்று.

அதனை ஒழிக்கவென்றே 2023 யூலையில் அஸ்வெசும தொடங்கியது. இனி அரசியல்வாதியின் கை இராது, கணனி தீர்மானிக்கும் என்றார்கள். கல்வி, சுகாதாரம், பொருளாதார நிலை, சொத்து, வீடு, குடும்ப அமைப்பு என்னும் ஆறு தலைப்புகளில் 22 அளவுகோல்கள். ஏற்கப்பட்டோர் நான்கு படிகளில் வைக்கப்பட்டனர்: மிக வறியவர்க்கு மாதம் 15,000 ரூபா, வறியவர்க்கு 8,500, நலிவுற்றோர்க்கு 5,000, இடைநிலையினர்க்கு 2,500. 2025 சனவரியில் முதலிரு தொகைகளும் 17,500 ஆகவும் 10,000 ஆகவும் உயர்த்தப்பட்டன. கட்சிக்காரன் கையிலிருந்து பட்டியலைப் பறித்தது நல்லதே. அதனை வரவேற்கத் தயங்கமாட்டோம். ஆனால் செக்றோலின் ஆவி அந்தக் கணனிக்குள்ளும் குடியேறவில்லையா? எவ்வளவு மின்சாரம் எரிக்கின்றாய், வீடு எப்படிப்பட்டது, என்ன சொத்து உண்டு என்று கேட்கின்றது. லயத்திலே வாழ்பவளுக்கு வீடு அவளுடையதன்று, நிலம் அவளுடையதன்று. சுவர் கல்லாலானதெனின் அக்கல்லை வைத்தவன் நூற்றாண்டுக்கு முன் வந்த துரை. முல்லைத்தீவிலே யுத்தத்தின் பின் உதவித் திட்டத்திற் கட்டிய கல்வீட்டிலே இருக்கும் விதவைக்கு அந்த வீட்டைத் தவிர வேறில்லை. அவள் காதிலிருந்த தோடு அடைவு கடையில் இருக்கின்றது. கல்வீடு கண்ணுக்குத் தெரிகின்றது, அடைவுச்சீட்டு தெரிவதில்லை. எளிதிற் காணக்கூடியதை அளப்பதும், அளந்ததையே உண்மை என்று சாதிப்பதும் மாறவில்லை.

இவற்றுள் நம்மை மிகவும் உறுத்துவது வேறொன்று. கொடுக்கும்போது 22 கேள்வி கேட்கும் அரசாங்கம், எடுக்கும்போது எத்தனை கேள்வி கேட்கின்றது? இந்நாட்டு வரி வருமானத்தில் மிகப் பெரும் பங்கு பொருள்களின் மீது விதிக்கப்படும் மறைமுக வரியிலிருந்தே வருகின்றது. 2022 ஆம் ஆண்டின் நடுப்பகுதி வரை 8 சதவீதமாயிருந்த பெறுமதி சேர் வரி 12 ஆகி, 15 ஆகி, 2024 சனவரி முதலாம் திகதி 18 ஆயிற்று. கடையிலே சவர்க்காரம் வாங்குபவளிடம், அம்மா, உன் மாத வருமானம் என்ன, வீட்டில் எத்தனை பேர், மின்சாரக் கட்டணம் எவ்வளவு என்று கேட்டு, வறியவளாயின் வரியைக் கழித்துவிட எந்தக் கணனியும் வைக்கப்படவில்லை. 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஓர் இரவில் ஏறியபோது, லயத்துக் குப்பிவிளக்குக்கும் குருநகர்ப் படகுக்கும் எந்த அளவுகோலும் வைத்து விலை சொல்லவில்லை. பறிப்பதிலே எல்லோரும் சமம். கொடுப்பதிலேதான் வறியவரைத் தேடிப் பிடிக்க வேண்டும்!

அஸ்வெசும தொடங்கிய அதே 2023 யூலையில், உள்நாட்டுக் கடன் சீரமைப்பு என்ற பெயரிற் பாராளுமன்றம் ஒரு திட்டத்தை ஏற்றது. திறைசேரி முறிகளை மாற்றும் சுமையிலிருந்து வங்கிகள் விலக்கப்பட்டன. தொழிலாளரின் சேமலாப நிதி விலக்கப்படவில்லை. மாதந்தோறும் செக்றோலிலிருந்து கழித்தெடுத்த அதே பணம். எழுதப்பட்ட வருமானமென்றால் இரண்டு வழியாலும் இழப்பே.

இவ்வளவு கூறிய பின்னர், பொதுப் பங்கீடு செலவு மிக்கதென்ற வாதம் எஞ்சியிருக்கின்றது. செலவுதான், அரசாங்கச் செலவிலே அரிசி பெரிய பங்கை விழுங்கிய ஆண்டுகள் உண்டு என்பதை மறைக்கமாட்டோம். அமார்த்தியா சென் 1981 இல் அந்தச் செலவு மனித ஆயுளாகத் திரும்பி வந்ததென்றார்; பல்லாவும் க்ளூவியும் 1986 இல் அதை மறுத்தனர்; வழக்கு இன்றும் அறிஞரிடையே நடக்கின்றது. நடக்கட்டும். எல்லோருக்கும் எல்லாம் கொடு என்று நாம் கேட்கவில்லை. பால்குடிப் பிள்ளைக்கும் பள்ளிப்பிள்ளைக்கும் கர்ப்பிணிக்கும் முதியவருக்கும் வருமானம் கேளாது கொடு என்கின்றோம். வயதை எவனும் மறைக்க முடியாது. பிறப்பத்தாட்சிப் பத்திரம் கொழும்பிலும் கொட்டகலையிலும் ஒன்றே. மேலே உள்ளவன் பெற்றால் அதை வருமான வரியாக அவனிடமிருந்து திருப்பி எடுக்கட்டும். அதற்கு அவனுடைய வருமானத்தை அளக்க வேண்டுமே என்று தயங்குகின்றீர்களா? கொழுந்து கொய்பவளுடையதை அளக்கத் தயங்கவில்லையே!

அதுவரையில் ஒன்றைச் செய்யலாம். அதற்குப் பணம் தேவையில்லை. அஸ்வெசுமவுக்கு விண்ணப்பித்தவர்களுள், தோட்டத்துறையில் எத்தனை குடும்பம் நிராகரிக்கப்பட்டது, வடக்குக் கிழக்கில் மாவட்டந்தோறும் எத்தனை, 22 அளவுகோல்களுள் எந்த அளவுகோல் எத்தனை பேரைத் தள்ளியது என்று பிரிவு பிரிவாக எழுதி, பாராளுமன்ற மேசையில் வைக்கட்டும். கணனியிலே இருக்கும் கணக்குத்தானே! மலையக உறுப்பினரும் வடக்குக் கிழக்கு உறுப்பினரும் அடுத்த வரவு செலவுத் திட்ட விவாதத்தில் இந்த ஒரு பட்டியலைக் கேட்டு எழுந்து நிற்பார்களா என்பதை நாம் பார்த்துக்கொண்டிருக்கின்றோம்.